கொளஞ்சிநாதனின் எட்டுப் பித்தளை நகங்கள்

வடக்குத் தாய்லாந்தில் லம்பாங் என்றொரு ஊர், அந்த ஊரில் சேவல் படம் போட்ட கிண்ணங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலை, அந்தத் தொழிற்சாலையில் கிண்ணத்துக்குப் பூசுகிற கண்ணாடிப் பூச்சை, அதாவது கிளேஸை, கலக்குகிற விருத்தாசலத்துக்காரர் ஒருவர், பெயர் கொளஞ்சிநாதன், வயது ஐம்பத்திரண்டு; அவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பல் தேய்க்கப் போன இடத்தில், இரண்டு கட்டைவிரல்களை மட்டும் விட்டுவிட்டு மீதி எட்டு விரல்களிலும் பித்தளை நகம் முளைத்திருந்தது. ஒவ்வொன்றும் அரைச் சாண் நீளம், நுனி வெளிப்பக்கமாக வளைந்து, புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி பளபளப்பு. இழுத்துப் பார்த்தார், வலித்தது. கிளேஸில் போடுகிற ஏதோ ரசாயனம் என்று நினைத்தார், பிறகு சர்க்கரை வியாதி என்று நினைத்தார், பிறகு ஒன்றும் நினைக்கத் தோன்றாமல் பிரஷ்ஷை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து ஒருவழியாகப் பல்லைத் தேய்த்து முடித்தார்.

அவருக்குக் காலைச் சாப்பாடு தொழிற்சாலை வாசலுக்கு எதிரே புவாதிப் என்கிற பெண்ணின் நூடுல்ஸ் கடையில்தான். புவாதிப்புக்கு நாற்பத்து நான்கு வயது, கை ஓயாது, வாயும் ஓயாது. கொளஞ்சிநாதன் கைகளைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார். ஆனால் கிண்ணத்தை வாங்கக் கையை நீட்டித்தானே ஆகவேண்டும், நீட்டினார். அவள் கரண்டியைக் கீழே போடவில்லை, வாயைப் பிளக்கவில்லை, உன்னிப்பாகக் குனிந்து ஒரு பார்வை பார்த்தாள்.

“கம்மூனோடது,” என்றாள். “இடது சுண்டுவிரல்ல ஒரு நசுங்கல் இருக்கும், திருப்புங்க. ஆமா, இருக்கு.”

“யாரு கம்மூன்?”

“ஆட்டத்துல எனக்கு ஜோடி. செத்துப்போய் ரெண்டு மாசம் ஆச்சு. ரத்தக்கட்டி போடவா வேண்டாமா அண்ணே?”

வேண்டாம் என்றார். நூடுல்ஸ் சூப்பில் போடுகிற உறைந்த பன்றி ரத்தத் துண்டு அது; எப்போதும் வேண்டாம் என்பதுதான், ஆனாலும் தினமும் கேட்பாள். அவள் ஒரு ஸ்பூனை எடுத்து அவருடைய உள்ளங்கையில் இரண்டு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனாள். பக்கத்து மேசையில் இருந்த பேக்கிங் பிரிவுப் பெண்கள் எட்டிப் பார்த்து, அளவு சரியாகத்தான் இருக்கிறது, கம்மூனுக்கும் நீள விரல்தானே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அந்தக் கடையில் அன்று திகைத்துப்போன ஒரே ஆள் கொளஞ்சிநாதன்தான்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் புரியும். புரிந்தாலும் கொளஞ்சிநாதனுக்குப் புரிந்த அளவுக்குத்தான் புரியும், அது ரொம்பக் கொஞ்சம். அவருக்கு ஊரில் தையல்நாயகி என்று மனைவி, அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். அவள் அவரிடம் பேசிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. போனை எடுக்காமல் இருந்தால்கூட மனசு ஆறிவிடும், எடுப்பாள். லம்பாங்கில் ராத்திரி எட்டரை மணிக்கு இவர் கூப்பிட்டால், விருத்தாசலத்தில் ஏழு மணிக்கு அவள் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அடுப்படி அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். மிக்சி ஓடும், குக்கர் விசில் அடிக்கும், கடுகு வெடிக்கும், கீரைக்காரியிடம் பேச்சு நடக்கும், பூனையிடம்கூடப் பேச்சு நடக்கும்; இவரிடம் மட்டும் இல்லை. இவர் மழையைப் பற்றிச் சொல்வார், சூளையின் சூட்டைப் பற்றிச் சொல்வார், சாப்பிட்டதைச் சொல்வார், பதில் வராத இடங்களில் தானே “ம்” போட்டுக்கொள்வார், அரை மணி நேரம் கழித்து “வச்சிடறன்” என்பார். என்ன கோபம் என்று யாராவது கேட்டால் காரணமே இல்லை என்பார். எல்லாரிடமும் அப்படியே சொல்லிச் சொல்லி, தன்னிடமும் அப்படியே சொல்லிக்கொள்ளப் பழகியிருந்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, திட்டாக இருந்தாலும் சரி, அதற்காக அந்த மனுஷன் உள்ளுக்குள் ஏங்கிச் செத்துக்கொண்டிருந்தார்.

நகம் முளைப்பதற்குப் பத்து நாள் முன்பு, வேலை முடிந்து வாசலுக்கு வந்தால் சாலையை மறித்துக்கொண்டு ஓர் ஊர்வலம் வந்தது. நீள முரசு ஒன்றை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், பின்னால் தாளம், பெரிய சேகண்டி, நாகசுரத்தின் தம்பி மாதிரி ஒரு குழல். அந்தக் குழல் காதில் விழுந்ததும், எதற்கென்று தெரியாமலே கொளஞ்சிநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு நடுரோட்டில் நின்றார். பின்னால் பெண்கள், இரண்டிரண்டு பேராக, முழுக்கை ரவிக்கை, கொண்டையில் தொங்குகிற பூ, எட்டு விரலிலும் பித்தளை நகம். அவர்கள் எப்போது ஆட ஆரம்பிப்பார்கள் என்று இவர் காத்திருந்தார். தாய்லாந்து நாட்டியம் என்றால் ஓட்டல் மேடையில் தங்கக் கிரீடம் வைத்துக்கொண்டு ஆடுவது என்றுதான் அவர் மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். கால் நகர்ந்ததா நகரவில்லையா என்று சொல்ல முடியாது, மணிக்கட்டு மட்டும் வெளியே திரும்பி, உள்ளே திரும்பி, விரல்கள் ஒவ்வொன்றாக மலர்ந்து, ஒவ்வொன்றாக மடங்கி, அது ஆட்டத்துக்கு முன் செய்யும் ஏதோ ஆயத்தம் என்று இவர் பார்த்துக்கொண்டே இருக்க, வரிசை அவரைக் கடந்து போய்விட்டது. போன பிறகுதான், அதுதான் ஆட்டம், ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருக்கிறது என்று உறைத்தது. அதைவிட அவரைக் குழப்பியது, வரிசையில் வங்கிக்காரப் பெண் இருந்தாள், பேக்கிங் பிரிவுப் பெண் இருந்தாள், தினமும் ரத்தக்கட்டி போடவா என்று கேட்கிற புவாதிப் இருந்தாள், அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு வெற்றிடம் இருந்தது, அந்த வெற்றிடத்தை யாரும் நெருங்காமல் அதற்கும் இடம் விட்டுத்தான் ஆடினார்கள்.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தின் பின்னாலேயே வாட் வரைக்கும் போனார். வாட் என்றால் புத்தர் கோயில். ஆட்டக்காரிகள் பழகுகிற கொட்டகையில் ஓர் அம்மாளின் படம், படத்துக்கு மல்லிகை மாலை, முன்னால் ஊதுபத்தி, வெற்றிலை பாக்குத் தட்டு, ஒரு மரப்பெட்டி. விருத்தாசலத்துக்காரருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும், இது இந்த ஊர்க் காவல்தெய்வம் என்று முடிவு கட்டிவிட்டார். அவர் ஊர்ப்பக்கம் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். அவர் பெயரே அந்தச் சாமியின் பெயர்தான். அங்கே குறை இருக்கிறவர்கள் பேர், ஊர் எழுதி, யார் மேல் என்ன புகார் என்று விவரமாக எழுதி, சாமிக்கு வைத்து, முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். பிராது கட்டுவது என்று அதற்குப் பெயர். கோர்ட்டில் வருஷக்கணக்கில் இழுக்கிற வழக்கெல்லாம் அங்கே சில நாளில் தீரும் என்பார்கள். இங்கே வேல் இல்லை, பெட்டியில் ஒரு வளையம் இருந்தது. கொளஞ்சிநாதன் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, கண்ணில் நீர் முட்ட நாலு வரி எழுதி, சுருட்டி, நூலால் கட்டிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தப் படம் தெய்வமும் இல்லை, காவலும் இல்லை. அதுதான் செத்துப்போன கம்மூன்; பெட்டி, அவள் தன் ஆட்ட நகங்களை வைத்திருந்த பெட்டி.

இதெல்லாம் தெரிந்த பிறகு ஊரில் யாரும் நகம் எப்படி முளைத்தது என்று கேட்கவில்லை. நீ அவளிடம் கேட்டாய், அவள் உன் பிராதை எடுத்துக்கொண்டாள், இதில் என்ன இருக்கிறது என்பதுபோல நடந்துகொண்டார்கள். கடிதம் தமிழில் அல்லவா இருக்கிறது, அவள் எப்படிப் படிப்பாள் என்று கொளஞ்சிநாதன்தான் கேட்டார். செத்தவர்களுக்கு வேறென்ன வேலை, இரண்டு மாதத்தில் ஒரு பாஷை படிக்க முடியாதா என்றாள் வங்கிக்காரப் பெண். தொழிற்சாலையில் முதலாளி வந்து பார்த்துவிட்டு, பேனா பிடிக்க முடியாதே என்று வருகைப் பதிவில் கைநாட்டு வைக்கச் சொல்லிவிட்டார். டிப்ளமோ படித்த மனிதர் தினமும் மையில் கட்டைவிரலைத் தோய்த்தார். நகத்தால் ஒரு தட்டு தட்டினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்த கிண்ணம் மட்டும் மந்தமாகச் சத்தம் போட்டது, அதனால் கிண்ணம் பொறுக்குகிற பிரிவில் அவரை உட்கார வைத்தார்கள். தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை வெளிநாட்டுக்காரர்கள் போய் முகவரி சொல்ல வேண்டிய அலுவலகத்தில், மேசைக்குப் பின்னாலிருந்த பெண் நகத்தைப் பார்த்து “எந்த வாட்?” என்று மட்டும் கேட்டு முத்திரை குத்தினாள். லாட்டரி வாங்குகிறவர்கள் எட்டு என்றும் எண்பத்தெட்டு என்றும் தேடித் தேடி வாங்கினார்கள், வந்தது இருபத்தேழு. அதற்காக யாரும் அவர்மேல் குறைப்படவில்லை.

ஊர் கூடிப் பேசியது ஒரே ஒரு விஷயத்தைத்தான். வாட்டில் புது மண்டபத் திறப்பு விழா வர ஒரு மாதம்தான் இருந்தது; சுற்றுப்பக்கத்து ஊர்களெல்லாம் காணிக்கை மரம் கட்டி எடுத்துக்கொண்டு வரும், வருகிறவர்களை இந்த ஊர்ப் பெண்கள் ஆடி வரவேற்க வேண்டும், ஆட்டம் ஜோடி ஜோடியாகத்தான், ஆள் பதினைந்து. இப்போது பதினாறாவது ஆள் கிடைத்தாயிற்று, ஆனால் ஆம்பிளை, பாவாடை கட்டுவாரா மாட்டாரா? மூன்று சாயங்காலம் இதே பேச்சு. தலைமை பிக்கு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர் ஊரில் ஆண்கள் இடுப்பில் என்ன கட்டுவார்கள் என்று கேட்டார். வேட்டி என்றார் கொளஞ்சிநாதன். சுற்றிக் கட்டுவதுதானே என்றார் பிக்கு. அதோடு கூட்டம் கலைந்தது. ஆட முடியுமா, ஆட விருப்பமா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. ஆடி முடித்தால் நகம் தானாக விழுந்துவிடும் என்று மட்டும் எல்லாரும் உறுதி சொன்னார்கள்.

எட்டரை மணிக்கு அவர் அதையும் அலமாரியிடம் சொன்னார். “நகம் மொளச்சிருக்குது தையலு. பித்தள. ஆடணுமாம். எனக்கு ஒண்ணும் வெளங்கல.” அங்கே சப்பாத்திக் கட்டை உருளும் சத்தம் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது, பிறகு உருண்டது. நின்றதா, இல்லை தன் ஆசையா என்று அன்று ராத்திரி முழுக்க அவருக்குக் குழப்பம்.

பழக்கம் ஆரம்பித்தது. கொளஞ்சிநாதனுக்கு உயரம் அதிகம், முழங்காலை மடக்கச் சொன்னாள் புவாதிப், மடக்கினார். மெதுவாக என்றாள், மெதுவாகச் செய்தார். இது அவசரம், இன்னும் மெதுவாக என்றாள். இடது கை இரண்டு வாரத்தில் அழகாக வந்துவிட்டது. மணிக்கட்டு திரும்பி, நாலு நகமும் ஒன்றன்பின் ஒன்றாக விரியும், பார்க்கிற பெண்கள் கம்மூனே வந்த மாதிரி இருக்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வலது கைதான் வரவில்லை. விரிகிற நேரத்தில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கட்டைவிரலோடு போய் ஒட்டிக்கொள்ளும், நகங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிணுகிணுக்கும். எண்ணெய் தடவினார்கள், மூலிகை ஒத்தடம் கொடுத்தார்கள், பிக்கு மந்திரித்த நூல் கட்டினார், ஒன்றும் நடக்கவில்லை.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது புவாதிப் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். “இது எதையோ புடிச்சுகிட்டிருக்கு அண்ணே.”

“ஒண்ணும் இல்லையே.”

“பேனா புடிக்கிற மாதிரி இருக்கு,” என்றாள் வங்கிக்காரப் பெண். கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ளுகிறவள், அவளுக்குத் தெரியாமல் இருக்குமா.

பெட்டி வளையத்திலிருந்து பிராதை அவிழ்த்துக்கொண்டு வந்து, படிங்க என்றாள் புவாதிப். பதினைந்து பெண்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். கொளஞ்சிநாதன் சந்தையில் பழகிய தாய்லாந்து பாஷையில் தட்டுத்தடுமாறிச் சொன்னார். லம்பாங்கில் வசிக்கும் கொளஞ்சிநாதன் எழுதிக்கொள்வது. என் மனைவி தையல்நாயகி ஒரு காரணமும் இல்லாமல் பதினான்கு மாதமாக என்னிடம் பேசுவதில்லை. அவளை ஒரு வார்த்தை பேசவைக்க வேண்டியது.



“காரணம் இல்லாமலா?” என்றாள் புவாதிப். “காரணம் இருந்தே என் புருஷன்கிட்ட என்னால மூணு நாளுக்கு மேல பேசாம இருக்க முடியல. காரணம் இல்லாம பதினாலு மாசம் எந்தப் பொம்பளையால முடியும்?” பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “எதுல கையெழுத்துப் போட்டீங்க?”

அவருக்குக் காது சுட்டது. ஓடிப்போய்விடலாமா என்றுகூட இருந்தது, ஆனால் எட்டுப் பித்தளை நகத்தோடு எங்கே ஓடுவது? சொன்னார். இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டு வந்தது. இரண்டாவது வருஷம் முடிகிற மாதத்தில் தையல்நாயகி வீட்டுக்கு வெள்ளையடித்து, கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டு வைத்திருந்தாள். முதலாளி இன்னும் மூன்று வருஷம் இருக்கிறாயா என்றார், இவர் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். சாயங்காலம் போனில், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல அதையும் சொன்னார். அவள் “சரி” என்றாள். அதுதான் கடைசி வார்த்தை. தன் சம்பாத்தியம் குடும்பத்துக்குத்தானே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். நினைத்திருந்தார் என்றுதான் நினைத்திருந்தார். சொல்லிக் கேட்கும்போது அவருக்கே கேவலமாக இருந்தது.

“பொய்ப் பிராது குடுத்திருக்கீங்க,” என்றாள் புவாதிப். “கம்மூன் என்ன செய்வா பாவம், தீர்ப்பு சொல்ல முடியாம உட்கார்ந்திருக்கா.”

“இப்ப யார்கிட்ட மன்னிப்புக் கேக்கணும், அவங்ககிட்டயா?” என்று படத்தைக் காட்டினார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

“அவளையா கேக்காம கையெழுத்துப் போட்டீங்க?” என்றாள் அவள்.

அன்று எட்டரைக்கு அவர் மழையைப் பற்றிச் சொல்லவில்லை. “தையலு, ஒன்னக் கேக்காம கையெழுத்துப் போட்டது தப்பு. ஒன் வாழ்க்கையில மூணு வருசத்த நானே எடுத்துக் குடுத்துட்டன். அதுக்கப்புறம் காரணமே இல்லன்னு ஊரெல்லாம் சொன்னன். அதுவும் தப்பு.” இவ்வளவுதான் சொன்னார், சொல்வதற்குள் முதுகு வியர்த்துவிட்டது. குக்கர் மூன்று விசில் அடித்தது. யாரோ அதை இறக்கினார்கள். பதில் வரவில்லை. எங்கே வரப்போகிறது என்று போனை வைத்துவிட்டு அழுதார்.

விழா அன்று பத்து ஊர்க் காணிக்கை மரம் வந்தது. சோப்பும் பாத்திரமும் விசிறியும் தொங்கிய மரங்கள், முன்னால் முரசு, வெயில். பதினாறு பேர், எட்டு ஜோடி. ஏழாவது ஜோடியில் வேட்டி கட்டி, கம்மூனுடைய மேல்துண்டைக் குறுக்கே போட்டு, காதோரம் பூ வைத்துக்கொண்டு கொளஞ்சிநாதன் முழங்காலை மடக்கி நின்றார். குழல் எழுந்தது. கைகள் உயர்ந்தன. வலது கை போன வாரத்து ஞாபகத்தில் ஒருமுறை சுருங்கப் பார்த்தது, பிறகு என்னவோ, ஆள்காட்டி விரல் விலகியது, நடுவிரல் விலகியது, நாலு நகமும் ஒன்றையொன்று தொடாமல் விரிந்து நின்றன. பக்கத்தில் புவாதிப்பின் மூச்சு கேட்டது. எத்தனை நேரம் ஆடினார் என்று அவருக்குத் தெரியாது. நிற்கச் சொன்னபோதுதான் ஆடிக்கொண்டிருந்ததே தெரிந்தது. வந்த ஊர்க்காரர்கள், பதினாறு பேர் ஆயிற்றா, நல்லது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

நகம் விழவில்லை. பெண்கள் வெந்நீரில் ஊறவைத்துப் பார்த்தார்கள், பிக்குவைக் கேட்டார்கள். விழுந்துவிடும் என்று நான் எப்போது சொன்னேன் என்றார் பிக்கு. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், யார் முதலில் சொன்னது என்று யாருக்கும் நினைவில்லை.

கொட்டகைப் படியில் உட்கார்ந்து கொளஞ்சிநாதன் கட்டைவிரலால் போனைத் தட்டினார். மணி எட்டரை. எடுத்தாள், ஸ்பீக்கரில் போட்டாள், வைத்தாள். இவர் “ஆடிட்டன்” என்றார். அந்தப் பக்கம் மிக்சி இல்லை, குழாய்த் தண்ணீர்ச் சத்தம் இல்லை.

“நகம் வுழுந்துச்சா?” என்றாள் தையல்நாயகி.

பதினைந்து மாதமாக ஒரு வார்த்தைக்கு ஏங்கிய மனுஷன், இரண்டு வார்த்தை வந்தபோது நகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

“இல்ல,” என்றார். “வுழல.” பிறகு, அவசரம் அவசரமாக, விட்டால் போய்விடுமோ என்று, “இன்னம் ரெண்டு வருசம் கெடக்குது தையலு. இருக்கவா, வுட்டுட்டு வந்துடவா? நீ சொல்லு. நீ என்னா சொல்றியோ அதான்.”

அலமாரியிலிருந்து போனை எடுக்கிற சத்தம் கேட்டது. முக்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. உட்கார்ந்தாள். அவளுடைய மூச்சு இத்தனை கிட்டத்தில் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று.

“இருங்க,” என்றாள். “யோசிச்சுதான் சொல்லணும்.”

அவர் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவள் யோசித்து முடிக்கட்டும் என்று அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.